செக்கில் போடும் இரண்டு கோடு

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் எல்லாவற்றையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மென்பொருள் உரிமம் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். ஏ பிளாக் தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் இரண்டு வருடமாக நமது மெயின்டனன்ஸ் வசூல், ரசீது, பாக்கிப் பட்டியல் எல்லாம் ஓடுகிறது. சி பிளாக் பெண் ஒருவர் அதில் தமிழ் ரசீதையும், ஜெனரேட்டர் சர்வீஸ் தேதியை நினைவூட்டும் வசதியையும் சேர்த்தார். இப்போது அக்கம்பக்கத்து மூன்று குடியிருப்புச் சங்கங்கள் அதைக் கேட்கின்றன. கொடுக்கலாமா? இலவசமாகவா, விலைக்கா? என்ன நிபந்தனையோடு? இன்றைய அஜெண்டாவில் ஐந்தாவது அயிட்டம் இதுதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதற்கு ஆளுக்கொரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல, பி.காம். படித்தவன். ஆனால் உரிமம் என்பது கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்லை, பத்திர சமாச்சாரம். பத்திரத்தில் ஒரு வரி மாறினால் பணம் எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பதுதான் முப்பது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. கடையில் கிரைண்டர் வாங்கினால் கிரைண்டர் நம்முடையது. இரவல் கொடுக்கலாம், கழற்றிப் பார்க்கலாம், பழசாகிவிட்டால் விற்கலாம். மென்பொருள் அப்படி இல்லை. பெரும்பாலும் நாம் வாங்குவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை மட்டும்தான். அந்த அனுமதிச் சீட்டுக்குத்தான் உரிமம், லைசென்ஸ் என்று பெயர். படிக்காமலே 'ஐ அக்ரீ' என்று அழுத்துகிறோமே, அதுதான்.

நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கம்ப்யூட்டர் நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. கதை எழுதியவருக்கு உள்ள உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. எழுதியவுடனே அந்த உரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஒன்றுமே எழுதாமல் ஒரு மென்பொருளைப் பென் டிரைவில் கொடுத்தால், "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று அர்த்தம் ஆகாது. "அனுமதி தரவில்லை" என்றுதான் அர்த்தம். நல்ல மனதோடு கொடுத்தாலும், எழுத்தில் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்பவர் சந்தேகத்தோடுதான் வைத்திருக்க வேண்டும்.

இதை செக்கோடு ஒப்பிட்டால் நமக்குச் சுலபம். பேரர் செக்கைக் கையில் வைத்திருப்பவர் கவுன்டரில் நீட்டினால் பணம். ஆர்டர் செக்கைப் பின்னால் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதிவிட்டால், பெயர் உள்ளவரின் கணக்கைத் தவிர வேறெங்கும் போகாது. தொகை ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து அது எத்தனை கை மாறும் என்பது முடிவாகிறது. மென்பொருளுக்கும் அப்படியே.

விலைக்கு விற்கும் மென்பொருள் பெரும்பாலும் அக்கவுன்ட் பேயீ. தொண்ணூறுகளில் எங்கள் கிளையில் இருந்த ஒரு மென்பொருளுக்கு 'டாங்கிள்' என்று ஒரு சின்ன டப்பி உண்டு. பிரிண்டர் சொருகும் இடத்தில் அதைச் சொருகினால்தான் மென்பொருள் திறக்கும். இரவில் அதைக் காசோடு சேர்த்துப் பூட்டி வைப்போம். இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வங்கியின் இன்னொரு கிளைக்கு அதைக் கொடுத்து உதவ முடியாது.

எதிர்முனையில் இருப்பது பேரர் செக். 'பப்ளிக் டொமைன்' என்பார்கள். நமக்குப் பழக்கமான உதாரணம் பாரதியார். 1949-இல் அன்றைய சென்னை அரசு அவருடைய படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக விட்டுவிட்டது. எந்தப் பதிப்பகமும் யாரையும் கேட்காமல் அச்சிடலாம், எந்த மேடையிலும் பாடலாம். பாரதியார் கவிதைகள் மலிவுப் பதிப்பாக நம் எல்லார் வீட்டிலும் இருப்பதற்கு, கவிதையின் பெருமையோடு இந்த முடிவும் ஒரு காரணம்.

இனி மென்பொருள் உலகில் நடந்த விஷயங்களுக்கு வருகிறேன்.

இன்று நாம் இணையம் என்றாலே 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' என்கிறோம். 1991-92-இல் அதற்குப் பலமான போட்டி ஒன்று இருந்தது. அதன் பெயர் கோஃபர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1991-இல் உருவானது. பட்டியல் பட்டியலாகத் திறந்துகொண்டே போய்த் தகவலை எடுக்கலாம். பழக எளிது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் வேகமாக அதை எடுத்துக்கொண்டன. ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய 'வெப்', அப்போது கோஃபரை விடச் சின்னது.

1993-இன் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்பு செய்தது. தங்களுடைய கோஃபர் சர்வர் மென்பொருளை வணிக நோக்கில் பயன்படுத்துபவர்கள் இனி கட்டணம் தர வேண்டும். கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. பார்த்தால் நியாயமான கோரிக்கைதான். உருவாக்கியவர்களுக்கும் சம்பளம் வேண்டாமா? ஆனால் கேட்டவர்கள் மனதில் வேறு கணக்கு ஓடியது. இன்று இதற்குக் கட்டணம், நாளை எதற்கு? நாமே சொந்தமாக ஒரு கோஃபர் மென்பொருள் எழுதினாலும் உரிமை கேட்டு வருவார்களோ? இப்படி ஒரு சந்தேகம் வந்ததும் கம்பெனிகள் பின்வாங்க ஆரம்பித்தன.

இதை டிம் பெர்னர்ஸ் லீ கவனித்தார். தன்னுடைய வெப்புக்கும் இதே கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு, செர்ன் நிர்வாகத்தை விடாமல் கேட்டார். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் ஒரு சிறிய ஆவணத்தில் கையெழுத்திட்டு, வெப் மென்பொருளைப் பொதுவில் விட்டது. கட்டணம் இல்லை, அனுமதி கேட்க வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம், விற்றுக்கொள்ளலாம். அடுத்த வருடமே இணையப் போக்குவரத்தில் வெப் கோஃபரைத் தாண்டிவிட்டது.

ஆடிட் செய்பவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டணம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே 1993-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் என்ற பிரவுசர் வந்தது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. மக்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொசைக்கை எழுதியவர்கள் செர்ன் ஆட்கள் அல்ல. வெப்பின் மேல் தங்கள் உழைப்பைப் போடலாம், நாளை யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வெளியாட்கள் இப்படி உழைப்பார்கள். கோஃபரின் சர்வர் மென்பொருளும் 2000-இல் திறந்த உரிமத்துக்கு வந்தது. அதற்குள் கடைத்தெருவே வேறு பக்கம் போய்விட்டது.

அப்படியானால் இலவசமாகக் கொடுத்தால் பரவும், காசு கேட்டால் பரவாது, அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. காசு வாங்கிக்கொண்டே உலகம் முழுவதும் பரவிய மென்பொருள் உண்டு.

1981-இல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கான இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் கொடுத்த டாஸ். மைக்ரோசாஃப்ட் அதை சியாட்டிலில் இருந்த ஒரு சிறிய கம்பெனியிடமிருந்து வாங்கி, ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். ஐ.பி.எம். பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அதே மென்பொருளை மற்றக் கம்பெனிகளுக்கும் கொடுக்கும் உரிமை மைக்ரோசாஃப்டிடமே இருக்கும். காம்பேக் போன்றவர்கள் ஐ.பி.எம். மாதிரியே கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தபோது, டாஸ் அவர்களுக்கும் கிடைத்தது. எந்தப் பெட்டி விற்றாலும் உள்ளே டாஸ். விலையிலும் கவனமாக இருந்தார்கள். ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு சி.பி.எம். என்ற போட்டி இயங்குதளமும் கிடைத்தது. அதன் விலை 240 டாலர், டாஸ் 40 டாலர்.

ஆக, இலவசமா விலையா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடுத்த ஆள் தயங்காமல் இதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பது. டாஸ் விஷயத்தில் வழி இருந்தது: பணத்தைக் கட்டு, எடுத்துக்கொள். விதி தெளிவாக இருந்தது. கோஃபர் விஷயத்தில் கட்டணத்தைவிட, விதி என்னவென்று புரியாததுதான் பெரிய தடை.

அடுத்து லினக்ஸ். வாட்ஸ்அப்பில் நம் நண்பர் ஒருவர், "இலவசமாகக் கொடுப்போம், ஆனால் யாரும் இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்று ஒரு வரி போட்டுவிடுவோம்" என்று எழுதியிருந்தார். நிறைய பேர் கைதட்டினார்கள். லினக்ஸ் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தது.

1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்போது அவர் வைத்த உரிமம் அவரே எழுதியது. மூல நிரலைச் சேர்த்தே கொடுக்க வேண்டும், கொடுப்பதற்குக் காசு வாங்கக் கூடாது. பிரதி எடுக்கும் கூலி கூட வாங்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இணைய வசதி எத்தனை பேரிடம் இருந்தது? ஃபிளாப்பியில் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினால்தான் பலருக்குப் போய்ச் சேரும். ஃபிளாப்பிக்குக் காசு, தபாலுக்குக் காசு, உட்கார்ந்து பிரதி எடுப்பவரின் நேரத்துக்கும் ஏதாவது வேண்டும். நல்லெண்ணத்தில் எழுதிய அந்த ஒரு வரி, பரப்ப வந்தவர்களையே தடுத்தது.

1992-இன் தொடக்கத்தில் அவர் அதை மாற்றி, ஜி.பி.எல். என்ற உரிமத்துக்கு வந்தார். அது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் கொண்டுவந்தது. அதன் சாரம் இதுதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுக்க வேண்டும், உனக்குக் கிடைத்த அதே உரிமையை அவருக்கும் கொடுக்க வேண்டும். செக்கில் 'நாட் நெகோஷியபிள்' என்று கிராசிங் போடுவோமே, அதைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். கை மாறலாம், ஆனால் கொடுத்தவருக்கு இருந்த உரிமையைவிட மேலான உரிமை வாங்கியவருக்கு வராது. ஜி.பி.எல். இன்னொரு படி மேலே போய், குறைவான உரிமையும் வரக் கூடாது என்கிறது.

இதன் பிறகு லினக்ஸைத் தொகுத்து விற்கக் கம்பெனிகள் வந்தன, அவர்கள் செய்த திருத்தங்களும் திரும்பி வந்தன. 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான்.

லினக்ஸ் வந்த நேரமும் ஒரு அதிர்ஷ்டம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் அதற்கு முன்பே பக்குவமாக இருந்தது. அதன் உரிமம் லினக்ஸை விடவும் தாராளம். ஆனால் 1992-இல் அதன் மேல் ஒரு வழக்கு விழுந்தது. அதில் உள்ள நிரல் சிலவற்றின் மேல் தங்களுக்குத்தான் உரிமை என்று ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனம் கேட்டது. 1994-இல் சமரசம் ஆகும் வரை அந்த நிழல் போகவில்லை. வில்லங்கம் உள்ள மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நாம் வாங்குவோமா? பேங்கில் டைட்டில் கிளியராக இல்லாவிட்டால் லோனே கிடையாது.

இங்கே திறந்த உரிமங்களுக்குள் உள்ள பெரிய வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று ஜி.பி.எல். மாதிரி: எடுத்துக்கொள், ஆனால் நீயும் திறந்தே கொடு. இன்னொன்று எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி மாதிரி: எடுத்துக்கொள், என் பெயரை நீக்காதே, பிறகு உன் பாட்டுக்குப் பூட்டியும் வைத்துக்கொள்.

இரண்டாவது வகை சத்தமில்லாமல் எல்லா இடத்திலும் நுழைந்துவிடும். மினிக்ஸ் என்று ஒரு இயங்குதளம். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக 1987-இல் எழுதியது. லினஸ் லினக்ஸ் எழுதியதே அதைப் பார்த்துப் பழகிய பிறகுதான். மினிக்ஸ் ஆரம்பத்தில் புத்தகப் பதிப்பாளர் வழியாக விலைக்கு வந்தது. மாற்றி எழுதியதை அப்படியே வெளியிட அனுமதி இல்லை. அதனால் ஆர்வமுள்ளவர்கள் லினக்ஸ் பக்கம் போனார்கள். 2000-இல் மினிக்ஸ் பி.எஸ்.டி. உரிமத்துக்கு மாறியது. 2017-இல் ஒரு செய்தி வந்தது: இன்டெல் தன் சிப்புகளுக்குள் நிர்வாக வேலைக்கென்று வைத்திருக்கும் சின்ன அமைப்பில் ஓடுவது மினிக்ஸாம். அதாவது, உலகத்தில் எத்தனையோ கோடிக் கம்ப்யூட்டர்களில் மினிக்ஸ் இருக்கிறது, வைத்திருப்பவருக்கே தெரியாது. டானன்பாமிடமும் இன்டெல் அதைச் சொல்லியிருக்கவில்லை. உரிமத்தின்படி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, மரியாதைக்காகவாவது சொல்லியிருக்கலாம் என்று அவர் இன்டெல்லுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பேரர் செக் மாதிரிக் கொடுத்தால் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தகவல் வராது. அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு இரண்டையும் கலந்தது. அடித்தளம் ஜி.பி.எல். லினக்ஸ், மேலே உள்ள பெரும்பகுதி அப்பாச்சி உரிமம். போன் கம்பெனிகள் தங்கள் சொந்த வேலைப்பாட்டை வெளியில் காட்ட விரும்ப மாட்டார்கள் என்று தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். போன் செய்ய வந்த கம்பெனிகள் தயங்காமல் எடுத்துக்கொண்டன.

கண்டிப்பான உரிமம் ஒரு கதவை மூடிவிட்ட கதையும் உண்டு. சினிமா பார்க்க வி.எல்.சி. பிளேயர் பலரும் வைத்திருப்பீர்கள், அந்த ஆரஞ்சுக் கூம்புப் படம் போட்டது. அது ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது. ஆப்பிள் ஆப் ஸ்டோரின் விதிகள் ஜி.பி.எல்.லுக்கு ஒத்துவரவில்லை என்று அதை எழுதியவர்களில் ஒருவரே ஆட்சேபம் தெரிவித்தார். 2011 ஜனவரியில் ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. உரிமத்தைத் தளர்த்தலாம் என்று முடிவு செய்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வருடக்கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதிய பகுதியில் உரிமை உண்டு. ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். சம்மதம் கிடைக்காத பகுதியைத் திரும்ப எழுதினார்கள். 2013 ஜூலையில்தான் ஆப்பிள் போனுக்கு வி.எல்.சி. திரும்பி வந்தது. வாரிசுகள் வெளியூரில் சிதறிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்குப் பட்டா மாற்றம் செய்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் என்ன ஆகும்? அதற்கு ரெடிஸ். பெரிய இணையதளங்கள், ஆப்கள் பின்னால் தகவலை வேகமாக எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். 2009-இல் தொடங்கி பி.எஸ்.டி. உரிமத்தில் உலகம் முழுவதும் பரவியது. பெரிய கிளவுட் கம்பெனிகள் அதை வைத்து நன்றாகச் சம்பாதித்தன. உருவாக்கும் கம்பெனிக்கு மனத்தாங்கல். அதிலும் நியாயம் இருக்கிறது. 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கினார்கள். சில நாட்களுக்குள்ளேயே, முந்தைய திறந்த வடிவத்தை எடுத்து வால்கீ என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தனியாக ஆரம்பித்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்றவர்கள் அதன் பக்கம் நின்றார்கள். 2025 மே மாதத்தில் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. ஏற்கெனவே கை மாறிய செக்கை 'ஸ்டாப் பேமென்ட்' செய்ய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு மிகப் பக்கத்தில் உள்ள உதாரணம் தமிழ் எழுத்துரு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தமிழ் இணையதளத்துக்கும் ஒரு ஃபான்ட். அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரியும். அந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் ஆளுக்கொரு குறியீட்டு முறை. யூனிகோட் வந்ததும் அது தீர்ந்தது. ஆனால் குறியீடு ஒன்றாகிவிட்டால் போதுமா? எழுத்தின் உருவம் போனுக்குள் இருக்க வேண்டுமே. ஆண்ட்ராய்டு போனில் வரும் நோட்டோ தமிழ் எழுத்துரு திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளது. எந்தப் போன் கம்பெனியும், எந்தப் பத்திரிகையும், எந்த ஆப்பும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் அனுமதி இல்லை, வேறொன்றோடு சேர்த்துக் கொடுத்தால் விலை வைக்கலாம். நம் பேரன் பேத்திகள் பாட்டிக்குத் தமிழில் மெசேஜ் அனுப்ப எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை என்றால், அதற்குள் இப்படி ஒரு நிபந்தனையும் உட்கார்ந்திருக்கிறது.

இனி நமது ஐந்தாவது அயிட்டம். என் கருத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று. இந்த மென்பொருளுக்கு நாம் சொந்தக்காரர்கள் அல்ல. எழுதிய தம்பி நமது சம்பள ஊழியர் இல்லை, நாம் காசு கொடுத்துச் செய்யச் சொல்லவும் இல்லை. சட்டப்படி உரிமை எழுதியவருக்கு. சி பிளாக் பெண் சேர்த்த பகுதிக்கு அவருக்கு. ஆகவே "சங்கம் இதை இன்ன விதமாகக் கொடுக்கும்" என்று இன்று தீர்மானம் போட நமக்கு அதிகாரம் கிடையாது. முதலில் அந்த இரண்டு பேரிடமும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வோம். இன்று இரண்டு பேர், ஒரே லிஃப்டில் சந்திப்பவர்கள். நாளைக்கு ஒருவர் பெங்களூரிலும் இன்னொருவர் கனடாவிலும் இருப்பார்கள். வி.எல்.சி. பட்ட பாடு நமக்கு வேண்டாம்.

இரண்டு. "யாரும் காசு பார்க்கக் கூடாது" என்ற வரியைத் தயவுசெய்து போட வேண்டாம். பக்கத்துச் சங்கங்களில் கணக்கு எழுதுவது யார்? பாதிப் பேருக்குப் பகுதிநேரக் கணக்காளர்தான். அவர் நான்கைந்து சங்கங்களுக்குக் கட்டணத்துக்கு எழுதுகிறவர். அந்த வரி இருந்தால் அவர் நமது மென்பொருளைத் தொடத் தயங்குவார். அவர் தொடாவிட்டால் அந்தச் சங்கத்துக்குள் அது நுழையாது.

மூன்று. "யாராவது இதை எடுத்து, பூட்டி, ஆப் ஆக்கி நமக்கே விற்றுவிடுவார்கள்" என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. நியாயமான பயம்தான். அதற்கு மருந்து ஜி.பி.எல். விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கு மூல நிரலும் அதே உரிமையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சங்கம் தண்ணீர் மீட்டர் கணக்கைச் சேர்த்து இன்னொரு சங்கத்துக்குக் கொடுத்தால், அந்தத் திருத்தம் பூட்டப்படாமல் நம் வரைக்கும் வர வழி இருக்கும். நமது நோக்கம் கோடிக் கணக்கில் பரவுவது அல்ல. பத்து இருபது சங்கங்கள் ஒரே கணக்கு முறையில் வந்து, ஒருவர் செய்த திருத்தம் மற்றவருக்கு உதவினால் போதும். அதனால் இரண்டில் எது என்று கேட்டால் என் ஓட்டு ஜி.பி.எல்.லுக்கு. எழுதிய இருவரும் எம்.ஐ.டி. மாதிரித் தாராளமாக விட விரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மினிக்ஸ் கதையை மட்டும் அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுவோம்.

நான்கு. உரிமத்தை நாமே உட்கார்ந்து எழுத வேண்டாம். நம் நாகரிகமான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, அதற்கு நாலு அர்த்தம் வரும். உலகம் முழுவதும் வக்கீல்கள் படித்து அலசிய வாசகங்கள் தயாராக இருக்கின்றன. அதில் ஒன்றை மாற்றாமல் அப்படியே வைப்போம். அவற்றில் "உள்ளது உள்ளபடி கொடுக்கிறோம், உத்தரவாதம் இல்லை" என்ற வரியும் இருக்கும். அது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் மார்ச் 31 இரவு பதினோரு மணிக்குப் பக்கத்துச் சங்கத்துப் பொருளாளர் நம் தம்பிக்குப் போன் செய்வார்.

ஐந்து. மென்பொருள் வேறு, அதற்குள் இருக்கும் தகவல் வேறு. நமது உறுப்பினர் பெயர், போன் நம்பர், யார் எத்தனை மாதம் பாக்கி என்ற விவரம் எதுவும் அதோடு போகக் கூடாது. பிரதியைக் காலி லெட்ஜராக்கி, செயற்குழுவில் இரண்டு பேர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியில் கொடுக்க வேண்டும். உரிமம் எவ்வளவு திறந்ததாக இருந்தாலும் இந்த விஷயத்தில் அக்கவுன்ட் பேயீதான்.

ஆறு. கொடுப்பது என்று முடிவு செய்தால், பிறகு திரும்பக் கேட்கக் கூடாது. "முதல் வருடம் இலவசம், அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்தால் யாரும் நம்பி இறங்க மாட்டார்கள். விலைக்குத்தான் கொடுப்போம் என்றால் அதையும் இன்றே சொல்லிவிடுவோம். அதிலும் அவமானம் ஒன்றுமில்லை, டாஸ் விலைக்குத்தான் போனது. எது என்றாலும் வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆகவே ஐந்தாவது அயிட்டத்துக்கு நான் முன்மொழியும் வாசகம் இது: "மென்பொருளை எழுதிய இரு உறுப்பினர்களின் விருப்பத்தை எழுத்து மூலம் பெறுவது. அவர்கள் சம்மதித்தால், அவர்கள் தேர்ந்தெடுக்கும் திறந்த உரிமத்தில், உறுப்பினர் தகவல் எதுவும் இல்லாத பிரதியைக் கேட்ட சங்கங்களுக்குக் கொடுப்பது. அவர்கள் சம்மதிக்காவிட்டால், கேட்ட சங்கங்களுக்கு நன்றி கூறிப் பதில் எழுதுவது." வழிமொழிபவர் யாராவது கை தூக்கினால், செயலாளர் குறித்துக்கொள்வார்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள்.